லேயர் தாண்டி வந்த லாரி

அந்தப் பையை இப்படிக் குடுங்க, மேல வெச்சர்றேன். நல்லாச் சாஞ்சு உக்காருங்க. எந்த ஊருக்கு, கோபிக்குங்களா? நல்லதாப் போச்சு, நானும் கோபிதான். பேச்சுத் தொணைக்கு ஆளில்லாம இந்தப் பஸ்ல உக்காந்தமுன்னா பெருமாநல்லூர் வர்றதுக்குள்ள கழுத்துச் சுளுக்கிக்கும். நான் எதுக்குப் போறேன்னு நீங்க கேக்கல. கேக்கவும் மாட்டீங்க, மருவாதி தெரிஞ்ச ஆளு. நானே சொல்லீர்றனுங்க. என்ற சம்சாரம் கோகிலவாணி கோச்சுக்கிட்டுப் பொறந்த ஊட்டுக்குப் போயிட்டா. அவளைக் கூட்டியாரப் போறேன்.

எதுக்குக் கோச்சுக்கிட்டாங்கறீங்களா? ஜாவாவுக்குங்க.

சிரிக்காதீங்க. ஊர்ல பொம்பளைங்க நகைக்குக் கோச்சுக்குவாங்க, மாமியாளுக்குக் கோச்சுக்குவாங்க, கல்யாணத்துல முன்னால கூப்பிட்டு நிக்க வெக்கலைன்னு கோச்சுக்குவாங்க. கம்ப்யூட்டர்ல ஒரு அப்ளிகேஷனை எப்படி அடுக்கிக் கட்டோணுங்கற விசயத்துல கோச்சுக்கிட்டுப் பொட்டியத் தூக்குனவ, எனக்குத் தெரிஞ்சு, இவ ஒருத்திதான். அவளுக்கு ஜாவாங்கற கம்ப்யூட்டர் பாஷையும் தெரியாது, அடுக்கும் தெரியாது. சமையக்கட்டுல டப்பா அடுக்கறதுதான் தெரியும். போறப்ப ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா. "தொட்டியில தண்ணி ரொம்பட்டும். அப்பறம் கூப்பிடுங்க, வர்றேன். அதுக்கு முன்னால கூப்பிடாதீங்க"ன்னா. தொட்டி இன்னும் ரொம்பலீங்க. ஆனா நான் வெறுங்கையோட போகல. இந்தா, மடியில லேப்டாப் இருக்குது. படம் போட்டு வெளக்கிச் சொன்னாப் புரிஞ்சுக்குவா. படிச்ச புள்ளதான்.

மொதல்ல இருந்து சொல்றேன், அப்பத்தான் ஞாயம் யாரு பக்கம்னு உங்களுக்கே தெரியும்.

திருப்பூர்ல எனக்கு ஒரு சின்னக் கம்பெனிங்க. கீழ பனியன் கம்பெனி குடோன், மேல நாங்க. சாப்ட்வேர் பண்றோம். நாந்தான் ஆர்க்கிடெக்ட்டு. ஆர்க்கிடெக்ட்டுன்னா ஊடு கட்டறவன் இல்லீங்க, அப்ளிகேஷனை எப்படிக் கட்டோணும்னு ரோசனை சொல்றவன். கட்டறது மத்தவங்க. இந்தச் சித்திரை வெய்யில் எப்படி அடிச்சுதுன்னு உங்களுக்கே தெரியும். குழாயில தண்ணி எப்ப வரும்னு குழாய்க்கே தெரியல. ஊரே தண்ணி லாரியத்தான் நம்பி இருந்துச்சு. அப்பத்தான் லாரிக்காரங்க சங்கத் தலைவர் செங்கோடன் எங்க ஆபீசுக்கு வந்தாருங்க. அந்த மனுசனுக்குப் போன் அடிச்சு அடிச்சுக் காதே செவந்து போயிருந்துச்சு. "கண்ணு, எனக்கு ஒண்ணு பண்ணிக் குடு. போன்ல அமுத்துனா லாரி போகோணும். பேரு, வீதி, எப்ப வேணும், அவ்வளவுதான் கேக்கோணும். வெய்யக் காலம் முடியறதுக்குள்ள வேணும்"னாரு. சரீன்னனுங்க.

எங்க ஆபீசுல பிரமிளான்னு ஒரு புள்ள. கெட்டிக்காரி, இல்லைங்கல. நான் திருப்பதி போயிட்டுத் திரும்பறதுக்குள்ள கட்டி முடிச்சு வெச்சுட்டா. பச்சைக் கலர்ல ஒரு பக்கம். பேரு, வீதி, எப்ப. அமுத்துனா டிரைவர் போன்ல மணி அடிக்குது, லாரி கெளம்புது. செங்கோடனுக்கு அப்படியே வாயெல்லாம் பல்லு. நானும் சிரிச்சுக்கிட்டே உள்ள தொறந்து பாத்தேன் பாருங்க, எனக்குப் பகீர்னு ஆயிருச்சு. லேயரே இல்லீங்க! ஒரு லேயர் இல்லை!

உங்களுக்கு எப்படிச் சொல்றது. கல்யாண ஊட்டுப் பந்தியையே எடுத்துக்கங்க. வாசல்ல சந்தனம் குடுத்துக் கூப்பிடறவர் ஒருத்தர். பந்தி விசாரிக்கறவர் ஒருத்தர். உக்கிராண அறையில சாமான் எடுத்துக் குடுக்கறவர் ஒருத்தர். சாப்பிட வந்தவன் நேரா உக்கிராணத்துக்குள்ள பூந்து வெல்லத்தை எடுத்துத் திங்கலாமுங்களா? கூடாதல்ல? அதேதானுங்க. ஜாவாவுல ஒரு ஃபிரேம்வொர்க் வெச்சுத்தான் நாங்க கட்டறோம். ஃபிரேம்வொர்க்குன்னா, காங்கிரீட் போடறதுக்கு முன்னால சென்ட்ரிங் அடிச்சு வெக்கறாங்கல்ல, அதாட்ட. அதுல வாசல்ல நிக்கறது கன்ட்ரோலர். விசாரிக்கறது சர்வீஸ். உக்கிராணத்துல கெடக்கறதை எடுத்துக் குடுக்கறது ரிபாசிட்டரி. ஒருத்தரைத் தாண்டி ஒருத்தர் போகக் கூடாது. இந்தப் புள்ள என்ன பண்ணியிருக்குது, வாசல்ல நின்னுக்கிட்டே கையை நீட்டி உக்கிராணத்துல இருந்து எடுத்திருக்குது.

"ஏம்மா இப்படி?"ன்னேன்.

"மூணு விசயந்தானுங்க சார் கேக்கறோம். இதுக்கு எதுக்கு இத்தனை பேரு?"ன்னா.

"ஆத்துல போட்டாலும் அளந்து போடோணும் பிரமிளா"ன்னேன்.

"நாம ஆத்துல போடலீங்க சார், லாரில போடறோம்"கறா. பாருங்க, எப்படிப் பேசுதுன்னு.

அப்பறம் அந்தப் புள்ளயே எறங்கி வந்து, சரி, பிரிக்கோணும்னா வேற மாதிரிப் பிரிக்கலாம்னு சொல்லுச்சு. புக்கிங்குக்கு வேண்டியது பூராவும் ஒரு பொட்டில, டிரைவருக்கு வேண்டியது பூராவும் இன்னொரு பொட்டில. எது கெட்டுப் போச்சோ அந்தப் பொட்டியத் தொறந்தாப் போதுமாமா. நான் விடுவனுங்களா? கன்ட்ரோலர் எல்லாம் ஒரு பொட்டி, சர்வீஸ் எல்லாம் ஒரு பொட்டி, அதுதான் மொறை. "நீ சொல்றது எப்படி இருக்குது தெரியுமா? ஒருத்தனுக்கு வேண்டிய சோறு, கொழம்பு, பொரியல் எல்லாத்தையும் ஒண்ணாச் சேத்துக் கட்டிக் குடுக்கறாட்ட இருக்குது"ன்னேன். அதுக்கு அவ சொல்றா, "அதுக்குப் பேரு டிபன் கேரியருங்க சார், ஊர்ல எல்லாரும் அதுலதான் கொண்டு போறாங்க." ஆபீசே சிரிச்சுது. நான் சிரிக்கல.

அன்னைக்கே செவுத்துல படம் போட்டனுங்க. போர்டு பத்தல, அதனால செவுத்துலயே. தரையில இருந்து ஆரம்பிச்சு மேல மேல போட்டேன். மூணு லேயர்னு ஆரம்பிச்சது, போடப் போட ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ஒண்ணு வேணும்னு தோணுச்சு. வர்றவன் சரியா எழுதியிருக்கானான்னு பாக்க ஒண்ணு. சரியாப் பாத்தாங்களான்னு பாக்க ஒண்ணு. ஒரு லேயர்ல இருந்து அடுத்த லேயருக்குச் சரக்கை மாத்திக் குடுக்க மாப்பர்னு ஒண்ணு. அது என்ன பண்ணும்னா, இந்தப் பொட்டில இருக்கற பேரை எடுத்து அந்தப் பொட்டில பேருன்னு வெக்கும். வீதியை எடுத்து வீதின்னு வெக்கும். அதேதானேங்காதீங்க, பொட்டி வேறயல்ல? கடைசி லேயரை ஸ்டூல் போட்டு ஏறித்தான் எழுதுனேன், ஃபேன் மாட்டற கொக்கிக்குப் பக்கத்துல. எட்டு வந்துச்சு. எறங்கி நின்னு அண்ணாந்து பாத்தேன். கோயில் கோபுரமாட்ட இருந்துச்சுங்க, மனசு நெறைஞ்சு போச்சு.

படம் போட்டா மட்டும் போதுமா, பழக்கம் வரோணுமல்ல? அதனால ஆபீசுலயும் அதே மொறைன்னு சொல்லீட்டேன். ஒரு லேயருக்கு ஒரு ஆளு. வரிசையா உக்காரோணும். பக்கத்து லேயர்கிட்டத்தான் பேசோணும், தாண்டிப் பேசக் கூடாது. டீ வேணும்னாக் கூட அதே வழிதான். மொத நாளு நான் "சக்கரை கம்மியா ஒரு டீ, மீதிப் பேருக்குக் காப்பி"ன்னு சொல்லி அனுப்புனேன். சரிபாக்கற பையன் சக்கரைன்னா எவ்வளவு கம்மின்னு கேட்டுத் திருப்பி அனுப்பிச்சுட்டான். நான் மறுபடியும் எழுதிக் குடுத்தேன். மாப்பர் தீனதயாளனுக்குச் சக்கரைக்கு மட்டுந்தான் பொட்டி இருந்துச்சாமா, டீக்கும் காப்பிக்கும் பொட்டி இல்லைன்னு அதுகளை விட்டுட்டான். கடைசில கடைக்காரருக்குப் போய்ச் சேந்தது "சக்கரை" மட்டுந்தான். அவரு பாவம், ஒரு பொட்டலம் சக்கரை கட்டிக் குடுத்து அனுப்பிச்சாரு. ஆனா பாருங்க, ஒருத்தரும் லேயரைத் தாண்டல. எனக்கு அதுல ஒரு சந்தோசம்.

பசங்களும் நல்ல பசங்கதானுங்க. எது சொன்னாலும் "சரிங்க சார்". ஒரு எதிர்ப் பேச்சு இல்லை. பிரமிளா கூட மாறிருச்சு. "நீங்க சொன்ன மாதிரியே கட்டிட்டோமுங்க சார். உங்க போன்லயே போட்டு விட்டாச்சு, பாத்துக்கங்க"ன்னு சொல்லுச்சு. தொறந்து பாத்தேன். அருமைங்க. லாகின் கேக்குது, கடவுச்சொல் கேக்குது. தண்ணித் தொட்டி நீளம், அகலம், ஆழம் கேக்குது. ஊட்ல பால்மாடு உண்டான்னு கேக்குது. அது நான் சொன்னதுதான், மாடு இருந்தாத் தண்ணி எச்சுச் செலவாகுமல்ல? எல்லாம் எழுதி அமுத்துனா "பரிசீலனையில் உள்ளது"ன்னு வருது. அந்த எழுத்தைப் பாத்தாலே ஒரு கெத்து.

அதுக்கப்பறம் ஊர்ல தண்ணிக்குப் பஞ்சமே இல்லீங்க. அவினாசி ரோட்டுல பாத்தா லாரி, ஊத்துக்குளி ரோட்டுல பாத்தா லாரி. டீக்கடையில நின்னாப் பேசிக்கறாங்க, அமுத்துன கையோட வந்துருதப்பான்னு. எனக்குப் பூரிச்சுப் போச்சு. எட்டு லேயரு அப்படி வேலை செய்யுது! சங்கத்துல இருந்து ஒரு நாள் கூப்பிட்டுப் பொன்னாடை போத்துனாங்க. ஒரே ஒரு வருத்தம், செங்கோடன் மொதப் பொன்னாடையப் பிரமிளாவுக்குப் போத்துனாரு, ரெண்டாவதுதான் எனக்கு. சரி, வயசானவரு, மொறை தெரியல, விடுங்கன்னு பொட்டாட்ட இருந்துட்டேன்.

இன்னொண்ணு. யாரு யாரு புக் பண்றாங்கன்னு பாக்கறதுக்கு எனக்குன்னு ஒரு பக்கம் வெச்சிருக்கறானுங்க. அதுல எப்பப் பாத்தாலும் ஒரே ஒரு கஸ்டமர்தான் தெரியறாரு. அது யாருன்னா, நாந்தான். ஊரே புக் பண்ணுது, எனக்கு என்ற பேரு மட்டுந்தான் காட்டுது. ஒரு பக்கத்துக்கு ஒருத்தர்னு வெச்சுட்டானுங்க போல, அடுத்த பக்கம் போற பட்டன் வேலை செய்யல. தீனதயாளன்கிட்டச் சொன்னேன். "பாக்கறனுங்க சார்"னான். இன்னும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கறான்.

ஆமாங்க, நானும் புக் பண்ணியிருந்தேன். எங்க ஊட்டுத் தொட்டியுந்தான் காஞ்சு கெடந்துச்சு. எட்டிப் பாத்தா அடியில பல்லி ஓடுது. கோகிலா எதுத்த ஊட்டு ரங்கநாயகியக்கா ஊட்ல இருந்து கொடத்துல தூக்கிட்டு வருவா. காலைலயும் தூக்குவா, பொழுதோடவும் தூக்குவா. இடுப்புல கை வெச்சுக்கிட்டுக் கேப்பா. "ஏனுங்க, ஊருக்கெல்லாம் நீங்கதான் லாரி அனுப்பறீங்களாமா. பிரமிளாகிட்ட ஒரு வார்த்தை சொன்னா நம்மூட்டுக்கு ஒண்ணு அனுப்ப மாட்டாளா?"ன்னு.

"நான் பிரமிளாகிட்ட நேராச் சொல்லக் கூடாது கோகிலா. கஸ்டமர்னு வந்துட்டா நானும் கஸ்டமர்தான். ஆர்டர் போட்டிருக்கறேன், பரிசீலனையில இருக்குது"ன்னேன்.

"எங்க இருக்குது?"

"நாலாவது லேயர்ல."

"நேத்தும் நாலாவதுதான்னீங்க?"

"நேத்து நாலாவதுல ஏறுச்சு. இன்னைக்கு நாலாவதுல இருக்குது. வித்தியாசம் இருக்குதல்ல?"

கொடத்தை டங்குன்னு வெச்சா பாருங்க, அடி நெளிஞ்சு போச்சு. இப்பவும் அது ஆடிக்கிட்டேதான் நிக்குது.

இருங்க, முக்கியமான எடத்துக்கு வர்றேன். ஒரு நாள் சாயங்காலம், நான் ஊட்லதான் இருந்தேன். வாசல்ல ஹாரன் சத்தம். போய்ப் பாத்தா, லாரிங்க! தளும்பத் தளும்பத் தண்ணி. பின்னால வழிஞ்சு வீதியெல்லாம் கோடு போட்டுக்கிட்டு வந்திருக்குது. டிரைவர் எறங்கிக் குழாயை உருட்டிக்கிட்டு வர்றான். கோகிலா உள்ள இருந்து ஓடியாந்தா. மொகத்துல ஒரு சிரிப்புங்க. கல்யாணம் ஆன புதுசுல பாத்தது, அதுக்கப்பறம் அன்னைக்குத்தான் பாத்தேன். நான் கேட்டுக்கு முன்னால போய் நின்னு கையை நீட்டி மறிச்சேன்.

"யாரு ஆர்டரு?"

"கோகிலவாணிங்கற பேர்ல வந்துச்சுங்க. கடைசி வீதி, எதுக்க வேப்பமரம். இந்த ஊடுதானுங்களே?"

"ஊடு இதுதான். ஆனா என்ற ஆர்டரு இன்னும் நாலாவது லேயர்லதான் இருக்குது. அதுக்குள்ள லாரி எப்படி வரும்?"

அவன் முழிக்கறான். "எனக்குப் போன்ல வந்துச்சுங்க, வந்தனுங்க."

"அதெப்படி வரும்? எட்டையும் தாண்டாம லாரி கெளம்பவே கெளம்பாது. நாந்தான் கட்டுனேன், எனக்குத் தெரியாதா? இது தப்பு வழியில வந்த தண்ணி. திருப்பிக் கொண்டு போ."

"தண்ணியில என்னங்க தப்பு வழி?"ன்னு கேக்கறான்.

நீங்களே சொல்லுங்க. ஊருக்கு ஒரு சட்டம், என்ற ஊட்டுக்கு ஒரு சட்டமா? ஆர்க்கிடெக்ட்டு ஊட்டுக்கே லேயரைத் தாண்டி லாரி வந்துச்சுன்னு நாளைக்கு ஒருத்தன் பேச மாட்டானா? அப்ப யாரு என்னை மதிப்பான்? கோகிலா பின்னால நின்னுக்கிட்டு, "தொறந்து விடுங்க, உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன், தொறந்து விடுங்க"ன்னா. நான் தொறக்கலீங்க. நேர்மைன்னு ஒண்ணு இருக்குதல்ல? அந்நேரம் பாத்து ரங்கநாயகியக்கா அவிங்க கேட்டைத் தொறந்து, "இக்கட்ட விடு சாமி"ன்னுது. லாரி அப்படியே பின்னால போய், அத்தனை தண்ணியும் அவிங்க தொட்டியில எறங்குது. கடகடன்னு சத்தம். கோகிலா படியில உக்காந்துக்கிட்டா. தண்ணி எறங்கற சத்தம் நிக்கற வரைக்கும் அங்கயே உக்காந்திருந்தா. ரங்கநாயகியக்கா வேற சும்மா இல்லாம, "ஊருக்கெல்லாம் சொல்லுமாம் பல்லி, காடிப் பானையில விழுமாம் துள்ளி"ன்னு செவுத்தப் பாத்துச் சொல்லுது. அது யாரைச் சொல்லுச்சுன்னு எனக்கு இன்னும் வெளங்கல.

அப்பறம் கோகிலா எந்திரிச்சு உள்ள போனா. பையை எடுத்துட்டு வந்தா. அப்பத்தான் அந்த வார்த்தை சொன்னா, தொட்டி ரொம்பட்டும்னு. குதிரை கீழ தள்ளுனது பத்தாதுன்னு குழியும் பறிச்சுதாமா, அப்படி ஆச்சுங்க என்ற கதை. தண்ணியும் போச்சு, சம்சாரமும் போச்சு.

மறுநாள் ஆபீசுல விசாரணை வெச்சேன். யாரு லேயரைத் தாண்டி விட்டதுன்னு. வரிசையாக் கேட்டேன். அவங்கவங்க பக்கத்து ஆளைக் கேட்டுச் சொல்றோம்னாங்க. நான் வெச்ச மொறைதானே. சாயங்காலம் வரைக்கும் கேள்வி அந்தக் கடைசிக்குப் போய்ப் பதில் இந்தக் கடைசிக்கு வந்துச்சு. என்ன பதில்னா, "சரிங்க சார்". பிரமிளா மட்டும் என்னையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. என்னமோ சொல்ல வந்தாட்ட இருந்துச்சு. "அக்கா எப்ப வருவாங்க சார்?"னு மட்டும் கேட்டுச்சு. அழுகற மாதிரி மொகம். இத்தனைக்கும் அது கோகிலாவை ஒரு தடவையோ ரெண்டு தடவையோதான் பாத்திருக்கும், அதுக்கு என்ன அக்கறையோ தெரியல.

கோகிலாகிட்டயும் நான் மொறைப்படித்தான் போனனுங்க. சண்டை போட்டுப் பொண்டாட்டி பொறந்த ஊட்டுக்குப் போயிட்டா, மாப்பிள்ளை நேராப் போய் நிக்கறது நம்ம பக்கத்துல வழக்கமில்லையல்ல? மச்சானுக்குப் போன் பண்ணுனேன். மச்சான் மாமனார்கிட்டச் சொல்லி, மாமனார் அத்தைகிட்டச் சொல்லி, அத்தை இவகிட்டச் சொல்லோணும். பாத்தீங்களா, ஜாவா வர்றதுக்கு முன்னாலயே நம்மாளுங்க லேயர் வெச்சிருந்திருக்காங்க! நான் நெறைய சொன்னனுங்க. ஊடு வெறிச்சுன்னு இருக்குது, ராத்திரி சோறு எறங்கல, நீ இல்லாம எனக்கு ஒண்ணும் ஓடலன்னு எல்லாம் சொன்னேன். மச்சானுக்கு அதைச் சொல்ல வெக்கமாப் போச்சு போல. அங்க போய்ச் சேந்தது "மாப்பிள்ளை போன் பண்ணுனாரு" மட்டுந்தானாமா. அவ என்ன சொன்னாளோ தெரியல, எனக்குத் திரும்பி வந்தது "சரி"ங்கற ஒரு வார்த்தை. எதுக்குச் சரி? வர்றதுக்குச் சரியா, வராததுக்குச் சரியா? மச்சானையே கேட்டேன். "கேட்டுச் சொல்றேன் மாப்ள"ன்னாரு. அவரும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கறாரு. அதான் பஸ் ஏறிட்டேன்.

என்னங்க? உங்களுக்கும் தண்ணி எங்க லாரிதானுங்களா? அட! எங்க சிஸ்டத்துலதான் புக் பண்றீங்களா? பாத்தீங்களா பாத்தீங்களா, இந்தப் பஸ்ஸுலயே என்ற கஸ்டமர் ஒருத்தரு! காட்டுங்க, காட்டுங்க. எப்படி இருக்குது உங்களுக்கு, அந்தத் தொட்டி ஆழம் எழுதற எடத்துல சிரமம் ஒண்ணும் இல்லையே?

இது பச்சைக் கலரா இருக்குதுங்களே.

பேரு. வீதி. எப்ப. இது... இவ்வளவுதானா? லாகின் கேக்கலீங்களா உங்ககிட்ட? மாடு? மாடு இருக்குதான்னு யாருமே கேக்கலியா?

இருங்க. அப்படிப் பாக்காதீங்க என்னை. நான் சொல்றேன். நல்ல ஆர்க்கிடெக்சருன்னா அப்படித்தானுங்க, வெளிய தெரியவே தெரியாது. நீங்க அமுத்தறதுக்கும் லாரி கெளம்பறதுக்கும் நடுவுல எட்டும் இருக்கும். உங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். இருக்கோணும். எப்ப இருந்து இதுல புக் பண்றீங்க? மொத லாரி ஓடுனதுல இருந்தா? ஒரு நாள் கூட மாறலியா? பச்சைதானா? உங்க வீதியில எல்லாருக்கும் பச்சையா?

அந்தச் சன்னலைக் கொஞ்சம் தள்ளி விடுங்க. காத்து வரட்டும்.

ஒண்ணுமில்லீங்க. நல்லாத்தான் இருக்கறேன். தண்ணி பாட்டில் வேண்டாம், வெச்சுக்கங்க.

ஒரு பக்கத்துக்கு ஒருத்தரு இல்லீங்க. மொத்தத்துக்கே ஒரே கஸ்டமர், நாந்தான்.

பொன்னாடை வேற போத்துனானுங்க.

குன்னத்தூர் வரப் போகுதுங்களா? ஏனுங்க, உங்களை ஒண்ணு கேக்கலாமா? தப்பா நெனைக்காதீங்க. அதுல எனக்கு ஒண்ணு அமுத்தி விடுவீங்களா? என்ற போன்ல தொறந்தா அந்த எட்டுதான் வரும், இன்னும் நாலாவதுலதான் நிக்குது. ஆர்க்கிடெக்சர் தப்புங்கல நான், அது பாட்டுக்கு அது இருக்கட்டும். எனக்கு அவ வேணுமுங்க. ஊட்டுக்குள்ள போனா அவ கொடம் மட்டும் கெடக்குது, பாக்க முடியல. அமுத்துங்க.

பேரு, கோகிலவாணி. ஆமாங்க, அவ பேரையே போடுங்க. அங்காளம்மன் நகர், கடைசி வீதி. எப்பன்னா, இப்பத்தான். நம்பரு உங்களுது நிக்குதா? டிரைவர் உங்களைக் கூப்பிட்டு, நீங்க என்னைக் கூப்பிட்டு... வேண்டாங்க. என்ற நம்பரையே போட்டிருங்க. நேரா எனக்கே வரட்டும்.

அவ்வளவுதானா? போயிருச்சா? எங்க போச்சு, யாரும் ஒண்ணும் கேக்கலியே. ஒரு மணி நேரத்துல வருதாமா? ஒரு மணி நேரமா!

ஐயோ, கேட்டு பூட்டிக் கெடக்குதுங்க. சாவி என்ற சட்டைச் சோப்புல இருக்குது. பக்கத்துல யாருகிட்டயாவதுன்னா, யாருகிட்டச் சொல்றது? ரங்கநாயகியக்காகிட்டச் சொன்னா மறுபடியும் அவிங்க தொட்டிக்கே விட்டுக்கும். ஆபீசுக்குச் சொன்னா, அந்த வரிசை... ஆகாதுங்க. இது வரைக்கும் எத்தனையோ கட்டியிருக்கறேன். கேட்டைத் தொறக்கறதுக்கு மட்டும் எனக்குக் கீழ ஒரு லேயரும் இல்லீங்க. நாந்தான் போகோணும்.

கண்டக்டரு! ஏனுங்க கண்டக்டரு, நிறுத்தச் சொல்லுங்க, எறங்கோணும். கோபி டிக்கெட்டுத்தான், பரவால்ல, நான் திருப்பூரே போறேன். அக்கட்ட வர்ற பஸ்ஸப் புடிச்சா எட்டிப் புடிச்சர்லாம். இருங்க, லேப்டாப்பை எடுத்துக்கறேன். கால மடக்கிக்கங்க, தாண்டிக்கறேன்.

என்னங்க? நீங்க கோபிக்குத்தானே போறீங்க, போய்க் கோகிலாகிட்டச் சொல்லீர்றீங்களா? ஊடு எங்கன்னா...

இல்லீங்க, வேண்டாம். நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். மச்சானும் வேண்டாம், மாமனாரும் வேண்டாம். லாரிய உள்ள விட்டுட்டு நானே அவளுக்குப் போன் பண்றேன்.